ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்

டயட் பாக்கெட்காரர் என்றொரு இனம் மலேசியாவில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்கிப் பெருகி வருகிறது. கவனித்திருப்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒன்றிரண்டாகத் தென்பட்டவர்கள், இந்த ஐந்தாறு வருடத்தில் செந்தூல் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, காப்பார் வரைக்கும் பரவிவிட்டார்கள். அடையாளம் சுலபம். கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும், அதில் வெந்நீர் இருக்கும், பையில் பளபளவென்று பாக்கெட்டுகள் இருக்கும், வாயில் கலோரி இருக்கும். நாம் பசியோடு ஒரு வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்துத்தான், "அந்த ஒரு வடை எவ்வளவு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவர் விலையைக் கேட்கவில்லை என்று நமக்கு விளங்குவதற்குள் வடை ஆறிப்போகும்.

இவர்கள் உற்பத்தியாகும் இடம் யாராவது ஒருவர் வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் 'முன்பு – பின்பு' படங்கள். நானும் ஒரு முறை பிரிக்பீல்ட்ஸில் இந்திரா வீட்டுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். இந்திரா வாரநாட்களில் பள்ளி ஆசிரியை, வார இறுதியில் டயட் பாக்கெட்டுகளை மாதத்துக்கு ஒரு பெட்டியாக விற்பவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காய் நறுக்க வேண்டாம், அளக்க வேண்டாம், எண்ணெயை ஏன் இப்படி ஊற்றினாய் என்று வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். பாக்கெட்டைக் கிழித்து, வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் கோழி ஸ்டூ தயார், காளான் சூப் தயார், ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. எவ்வளவு சாப்பிடுவது என்கிற கவலையை எங்கேயோ வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நமக்காகப் பட்டுவிட்டார். சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? எனக்கே சபலம் தட்டியது. கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் எண்ணெயில் பொரித்த கறிபாப்பும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் கொடுத்தார்கள். மூன்று கறிபாப் உள்ளே போன தெம்பில்தான் பலபேர் பெட்டிக்குக் கையெழுத்தே போட்டார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாகையா. கிள்ளான்காரர். போர்ட் கிள்ளானில் பதினெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். இருபது டன் கண்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி லோரியில் இறக்குவார். எடை நூற்றெட்டு கிலோ. கம்பெனி டாக்டர் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "மூணு மாசம் டைம். தொண்ணூத்தஞ்சுக்கு வரணும், பிரஷரும் இறங்கணும். இல்லன்னா அந்தக் கிரேன் ஏணியில உங்கள ஏறவிட மாட்டேன்."

"மேல கூண்டுல உக்காந்தாதான் தம்பி நான் நாகையா," என்றார் என்னிடம். "கீழ இறங்கிட்டா யாரோ ஒரு குண்டன்."

மூன்று மாதத்துக்கு மூன்று பெட்டி வாங்கினார்.

பெட்டி வந்த நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாயசம் வேணாம், நான் டயட்டு" என்று சொல்வதற்காகவே, சரியாகப் பழக்கமில்லாதவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போனார். காலையில் தராசு பூஜை. கைக்கடிகாரத்தைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, சாமிக் கயிற்றைக் கழற்றலாமா கூடாதா என்று ஒரு நிமிடம் தயங்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறுவார். முள் கூடக் காட்டினால், தரை மட்டமில்லை என்பார். தராசு சமையலறைக்குப் போகும். அங்கேயும் கூடக் காட்டினால் நேற்றுப் பெய்த மழை. உடம்பில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

இரண்டு மாதம் ஆயிற்று. சட்டைப் பொத்தான்கள் முன்பைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன், விளங்கியது.

நாகையா பாக்கெட்டைக் கிழித்தார். வெந்நீரை அளந்து ஊற்றினார். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம், ஒரு வினாடி கூடக் குறையவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் கோணியது.

"சப்புனு இருக்கு. சீத்தா, அந்த நெத்திலி சம்பால கொண்டா."

அவர் மனைவி சீதாலெட்சுமி, மிளகாய் அரைத்து எண்ணெய் மிதக்க வதக்கிய சம்பாலைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு தட்டு நிறையச் சோறும் வந்தது. நாகையா சோற்றின் நடுவில் குழி பறித்து, வெள்ளைக் கோட்டுக்காரர் கவலைப்பட்டுத் தயாரித்த அந்தக் கோழி ஸ்டூவை அதில் ஊற்றினார்.

"என்னண்ணே, சோறு?"

"பின்ன? கொழம்ப வெறுமனேயா குடிப்பாங்க?"

"அண்ணே, அது சாப்பாட்டுக்குப் பதிலா சாப்பிடறதுலா."

"சாப்பாட்டுக்குப் பதிலா எப்படிப்பா சாப்பிடறது? சோறு தின்னாத்தானே சாப்பாடு? பாக்கெட்டு டயட்டுக்கு. சோறு வயித்துக்கு."

"ஒரு வேள கூடப் பாக்கெட்ட விட்டதில்ல," என்றார் சீதாலெட்சுமி பெருமையாக. "முந்தி ஒரு தட்டோட எந்திரிச்சிடுவாரு. இந்தக் கொழம்புக்கு ரெண்டு தட்டு இறங்குது."

நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நம் ஆட்களுக்கு ரொட்டி சானாய் நாலு தின்றால் அது பசியாறல். மீ கோரெங் நூடுல்ஸ் தின்றால் அது சும்மா வாய்க்கு. சோறு இறங்காத வரைக்கும் ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை. இந்தச் சாஸ்திரம் தெரியாமல்தான் வெள்ளைக் கோட்டுக்காரர் ஏமாந்தார்.

முறையாகச் சாப்பிட்டவர்கள் மட்டும் வாழ்ந்துவிட்டார்களா? நான்கு வாரத்தில் ஐந்து கிலோ குறைவார்கள். பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடப்பார்கள். பெட்டி தீர்ந்த மறுநாள், எவ்வளவு சாப்பிடுவது என்று சொல்ல ஆளில்லை. பாக்கெட் கிழிக்கத்தான் கற்றார்களே தவிர, சாப்பிடக் கற்கவில்லை. போன கிலோக்கள் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்.

கெடு நாள் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. நாகையாவை வாசல் கேட்டில், லோரி நம்பர் எழுதும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அன்று அவரை அழைத்துவரப் போயிருந்தேன். அவருடைய கிரேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டெய்னர் தரையில் தடாலென்று உட்கார்ந்தது. நாகையா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சோற்றுத் தட்டை அன்றைக்கே பிடுங்காமல் போனேனே என்றுதான் இருந்தது.

நேராகப் பிரிக்பீல்ட்ஸ் போனோம்.

"எப்படி சாப்பிட்டீங்க அங்கிள்?" என்று கேட்டார் இந்திரா.

"எழுதியிருக்கிற மாதிரிதாம்மா. ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்."

இந்திரா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆசிரியை, எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? சோற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"உங்க பாடிக்கு ஒன்னு பத்தாது அங்கிள். ரெண்டு பாக்கெட் எடுக்கணும்."

நாகையாவின் முகத்தில் பழையபடி வெளிச்சம் வந்தது. தப்பு அவருடையது இல்லை, பாக்கெட் குறைந்துபோயிற்று, அவ்வளவுதான்! நான் வாயைத் திறந்தேன். என் கையில் ஒரு கறிபாப்பைக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

இப்போது அவர் கேட்டில் உட்கார்ந்தபடியே லோரிக்காரர்களுக்குப் பெட்டி விற்கிறார். படமும் வைத்திருக்கிறார். 'முன்பு' என்பது போன மாதம் எடுத்தது. 'பின்பு' என்பது இருபத்திரண்டு வயதில், கல்யாணத்தன்று எடுத்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைக் கத்தரித்து உங்கள் மைத்துனருக்கு அனுப்பினால் அவருக்குப் புத்தி வரும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியிருக்கும். சிரமப்பட வேண்டாம்; அவர் முன்னாலேயே கத்தரித்து, உறையில் உங்கள் பேரை எழுதிவிட்டார். அது கிடக்கட்டும். உங்கள் டாக்டர் உங்களுக்கு எத்தனை மாதம் கொடுத்திருக்கிறார்?