ஏறினால் யோகம், இறங்கினால் மவுஸ் பேட்

கைரேகையெல்லாம் பழைய கதையாம். இப்போது எக்செல் ரேகையாம்!

எங்கள் நாற்காலி கம்பெனி கேன்டீனில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கூட்டம் அலைமோதியது. நடுவில் லேப்டாப்போடு, திரையில் கோடு பார்த்துப் பலன் சொல்லும் ஜோசியர். அவரை அழைத்து வந்தவர் முதலாளியின் மச்சான். கம்பெனியில் மச்சானுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

ஜோசியரின் வித்தை இதுதான். ஊழியர் பெயர்களை மனம்போன வரிசையில் தட்டுவார். பக்கத்தில் அவரவர் ஊழியர் எண். ஒரு சொடுக்கு! திரையில் சிவப்புக் கோடு ஏறும், இறங்கும். ஏறினவருக்கு யோகம். இறங்கினவருக்குப் பரிகாரம், அதாவது ஜோசியர் மந்திரித்து விற்கும் மவுஸ் பேட். கம்ப்யூட்டரையே தொட்டறியாத மரம் அறுக்கும் அண்ணன் இரண்டு வாங்கிவிட்டார்.

கடைசிப் பெயர் வார்னிஷ் அடிக்கும் அக்காவுடையது. கோடு தொபுக்கென்று விழுந்தது.

"ஐயையோ! கம்பெனியப் பிடிச்ச பீடையே இந்தம்மாதான்!" என்று ஜோசியர் அலறினார். "இதுக்கு மவுஸ் பேட் பத்தாது. வேலைய விட்டே அனுப்பணும்."

பக்கத்தில் நின்ற முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா பண்றது? கம்ப்யூட்டரே சொல்லுதே!"

"ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க சார் போவேன்?" அக்காவின் குரல் உடைந்தது. கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து உழைப்பவர்.

கணக்குப் பிரிவு மேடம் எழுந்தார். "ஜோசியரே, முதலாளி பேர விட்டுட்டீங்களே. அவரையும் சேருங்க."

"அவர் மகா யோகக்காரர். கோடு கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க!"

தட்டினார். முதலாளியின் ஊழியர் எண் ஒன்று. கோடு அக்காவையும் தாண்டிப் பாதாளத்தில் இறங்கியது.

"அப்ப நானா பீடை?" முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"யாரும் இல்ல சார்," என்றார் மேடம். "இந்தக் கோடு வெறும் ஊழியர் எண்ணத்தான் காட்டுது. முன்னாடி சேந்தவங்களுக்குச் சின்ன எண், பின்னாடி சேந்தவங்களுக்குப் பெரிய எண். அது அளவு இல்ல, அடையாளம். நாப்பதாம் நம்பர் பஸ் என்ன, பத்தாம் நம்பர் பஸ்ஸவிட நாலு மடங்கு நீளமா?"

மேடம் அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினார். கோடு ஒரு பள்ளம்கூட இல்லாமல் மேலே போனது. "பாருங்க, இப்ப எல்லாருக்கும் யோகம்!"

கேன்டீனே விழுந்து விழுந்து சிரித்தது. ஜோசியர் நைசாக நழுவப் பார்த்தார். மரம் அறுக்கும் அண்ணன் வாசலை மறித்து, "காச எடுத்து வச்சுட்டுப் போய்யா," என்றார்.

"ஆளுக்கு ஆள் ஒப்பிடணும்னா பட்டை, அதான் பார் சார்ட், வரையணும். மாசாமாசம் ஏறுதா இறங்குதான்னு பாக்கத்தான் கோடு," என்ற மேடம், போன மாதம் யார் எத்தனை நாற்காலிக்கு வேலை செய்தார்கள் என்பதைப் பட்டைகளாக வரைந்தார். அக்காவின் பட்டை எல்லோரையும் தாண்டி நின்றது. மச்சானின் பட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா," என்றார் முதலாளி, மச்சானை முறைத்தபடி. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதோடு விட்டார்களா? கூட்டம் அப்படியே மேடத்தை மொய்த்தது. "மேடம், நீங்கதான் நிஜமான ஜோசியர்! என் பட்டையில வெளிநாட்டு யோகம் இருக்கா?"

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "பட்டையில விதி இல்லய்யா, போன மாசம் நீ செஞ்ச வேலைதான் இருக்கு. கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கியே, அத அடுத்தவனுக்கு வாடகைக்கு விடாதே!"