முத்தத்தை மறைத்த அஞ்சு விரல்

எழுபதுகளில் பெரம்பலூரில் படம் பார்த்த யாரும் ஒரு இங்கிலீஷ் முத்தத்தை முழுசாகப் பார்த்தது கிடையாது. சென்சார் வெட்டாமல் விட்டதை எங்கள் கொட்டகை ஆபரேட்டர் விட்டதில்லை. திரையில் இரண்டு முகங்கள் நெருங்கினால் போதும், புரொஜக்டருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிவிடுவார். திரை இருண்டு, விரல்களின் நிழல் மட்டும் பனைமர உயரத்துக்கு நிற்கும். அதனால் அவருக்கு அஞ்சு விரல் என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பளம் கொடுத்த முதலாளியே மறந்திருந்தார்.

நான் அந்தத் தகரக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்தவள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. யாரிடமும் நாலு வார்த்தை பேச வராத எனக்குச் சுவரின் இந்தப் பக்கம்தான் உலகம்.

"பொம்பளைங்க வர்ற வரைக்கும்தான் தங்கச்சி இது கொட்டகை. அவங்க நின்னுட்டா வெறும் கும்பல்" என்பார் ஆபரேட்டர்.

தமிழ்ப் படத்தில் அவர் கைக்கு வேலை இல்லை. புதுப்படம் கிடைக்காத வாரங்களில் வரும் பழைய ராக்கெட் படங்கள்தான் வம்பு. நிலாவில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் ஏன் அத்தனை துணிப் பஞ்சம் என்று அவரிடம் கேட்டேன். "ராக்கெட்டு தூக்கணும்ல? எடை ஆகாது" என்றார், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். கதாநாயகனும் நாயகியும் ஒரே தொலைநோக்கியில் பார்க்கக் குனிந்தாலும் மறைத்துவிடுவார். அவர்கள் எந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது பெரம்பலூருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு படத்தில் நாயகி காற்றில்லாமல் நிலாவில் சுருண்டு விழுந்தாள். நாயகன் அவள் வாயில் மூச்சை ஊதக் குனிந்தான். கை வந்துவிட்டது. கை விலகியபோது அவள் எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, செத்தவ நடக்குறாக்கா!"

அதன்பிறகு அவள் திரையில் வரும்போதெல்லாம் பெண்கள் பக்கம் நெஞ்சில் துப்பிக்கொண்டது. கடைசியில் நாயகன் அவளையே கட்டிக்கொண்டபோது ஒரு அம்மா விம்மி அழுதார். "பேயக் கட்டிக்கிட்டானே, அவன பெத்தவ என்ன பாடுபடுவா!" மறுநாள் வந்த பெண்கள் பிள்ளைகளின் இடுப்பில் வேப்பிலை செருகி அழைத்துவந்தார்கள்.

"மூச்சுதானேண்ணே ஊதுனான், விட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"மூச்சுதான். ஆனா வாயில ஊதுறானே!"

அதே படத்தில் ஒரு பச்சை ராட்சசன் அந்தப் பெண்ணைக் கதறக் கதறத் தோளில் தூக்கிப் போனான். அப்போது மட்டும் கை வரவில்லை. கேட்டால், "பொம்பளயத் தூக்கிட்டுப் போறது நம்ம புராணத்துலயே இருக்கு. முத்தம் எங்க இருக்கு?" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளில் ஊரின் கண் மாறிவிட்டது. தமிழ்ப் படத்திலேயே மழையும் நனைந்த சேலையும் வந்துவிட்டன. ஆண்கள் பக்கத்தில், "யோவ் அஞ்சு வெரலு, கைய எடுய்யா! ஒன் வூட்டுப் பொண்ணா அது?" என்று கத்தினார்கள். முதலாளி எங்கிருந்தோ துணியே இல்லாத ஒரு துண்டுப் படம் வாங்கிவந்து, பழைய ராக்கெட் படத்தின் நடுவில் ஒட்டச் சொன்னார். மதியக் காட்சி நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மதியத்தில் என் பக்கம் காலியாகவே கிடந்தது; யாருக்காக மறைப்பது என்று ஆபரேட்டர் கையும் சும்மா கிடந்தது.

"இந்த வாரம் மதிய ஆட்டத்துக்கு ஒரு பொம்பளயாவது வந்து கடைசி வரைக்கும் ஒக்காந்தா செவுரு நிக்கட்டும். இல்லன்னா இடிச்சிட்டு பெஞ்சு போட்டுரலாம்" என்றார் முதலாளி. சுவர் போனால் என் வேலையும் போகும்.

அந்த வாரக் கடைசி நாளில் செந்துறையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்; பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வெளியே ஒட்டியிருந்தது அதே பழைய ராக்கெட் போஸ்டர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆபரேட்டர் புரொஜக்டர் அறை ஓட்டை வழியாக அவர்களைப் பார்த்துவிட்டார். ஒட்டுப்போட்ட துண்டு ஓடத் தொடங்கியதும் திரை இருண்டது. இந்த முறை கை விலகவே இல்லை. ஆண்கள் பக்கம் பெஞ்சுகள் உடைந்தன. முதலாளி படியேறி ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"எடுய்யா கைய!"

"பொம்பளைங்க இருக்காங்க மொதலாளி."

"ரெண்டு பேருக்காவா என் கொட்டகைய ஒடைக்கிறானுவ?"

"ரெண்டு பேரு இருந்தாலும் அது பொம்பளைங்க பக்கம்தானுங்க."

படம் பாதியில் நின்றது. அவரைச் சட்டை மாட்டவும் விடாமல் அப்போதே வெளியே அனுப்பினார்கள். அடுத்த வாரம் சுவரையும் இடித்தார்கள். நான் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போனேன். ரகளை செய்த ஆபரேட்டர் என்று பெயர் பரவியதால் அரியலூர் கொட்டகைகளிலும் அவரைச் சேர்க்கவில்லை. பாடாலூரில் லாரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அங்கேயே இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சேதி வந்தபோது காரியமும் முடிந்திருந்தது.

ஆனால் படம் நின்ற அன்று மாலை அந்த இரண்டு பெண்களையும் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான். நானும் கூடப் போனேன்.

"பாதியிலயே நிறுத்திட்டாங்களே தம்பி. அந்தப் பொண்ணு பூமிக்கு வந்தாளா, இல்ல அங்கேயே கெடக்காளா?" என்று கேட்டார் மாமியார்.

சற்று முன் வேலை போன மனிதர், பனியனோடு தரையில் குந்தி முழுப் படத்தையும் சொன்னார். வாயாலேயே ராக்கெட்டைக் கிளப்பினார். சுண்டல்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வந்துட்டாங்க தாயி. பத்திரமா வந்துட்டாங்க. அப்புறம் அந்த ஆளு அந்தப் பொண்ண..." என்று நிறுத்தினார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி, "ரொம்பப் பிரியமா வச்சுக்கிட்டான்" என்று முடித்தார்.

அதற்குள் செந்துறை பஸ் வந்துவிட்டது. அது இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கலாம்.