எனக்கு இல்லாத பெரியப்பாவின் சட்டை

எனக்குப் பெரியப்பா கிடையாது. எங்கள் அப்பாதான் அவர் வீட்டில் மூத்தவர். ஆனாலும் வத்திராயிருப்பில், எண்பத்தைந்து வயதிலும் தென்னை மரம் ஏறுகிற ஒரு பெரியப்பாவை ஐந்து வருடமாக நான் உயிரோடு வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னமும் எண்பத்தைந்துதான். (பொய்யில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வசதி, வயசே ஆகாது.)

அவர் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம். நான் அப்போதுதான் காலேஜ் முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைச் சோதிக்கும் லேப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா செட்டியார்பட்டிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைப்பவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அதனால் கேஸ் அடுப்பு முதல் கிரகணம் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கருத்துக் கேட்பார். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன்.

முப்பதாம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷம். தாய்மாமன் நான். வெள்ளிக் கொலுசோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்த தாய்மாமன் ஆயிற்றே, உலகத்துக்கு ஏதாவது செய்தி சொல்ல வேண்டாமா? பழைய துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு வைத்துத் தைக்கிற ஒட்டுப்போர்வையைச் செல்போனில் பார்த்திருந்தேன். மறுசுழற்சி! குழந்தைக்குப் போர்வையும் ஆச்சு, பூமிக்கு நன்மையும் ஆச்சு.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய துணிக் கடை ஒன்று உண்டு. அந்தக் குவியலுக்கு முன்னால் போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். கூரை வரைக்கும் சட்டைகள், சேலைகள், வேட்டிகள், பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள். ஒரு ஊரே துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போன மாதிரி இருந்தது. சில சட்டைகளின் முழங்கையில் இன்னும் மடக்கின மடிப்பு இருந்தது. யாரோ சோற்றில் கை வைக்கும் முன் மடக்கியது.

"இதெல்லாம் எக்ஸ்போர்ட் துணியா பாய்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"எக்ஸ்போர்ட்டா!" என்று சிரித்தார். "பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளின்னு தெருத்தெருவா கூவிக்கிட்டு வாராங்கள்ல, அவங்க கொண்டாந்து போடுதாங்க தம்பி. எல்லாம் சுத்துப்பட்டு ஊர்த் துணிதான்."

இந்த ஒரு பதிலை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஒரு மூட்டை துணியோடு வீட்டுக்கு வந்து, லேப்பில் கற்ற வித்தையைக் காட்டினேன். ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரண்டுகொள்ளும். பருத்தி மட்டும் தேர்வு. (பக்கத்து வீட்டுக்காரம்மா, "எங்கயோ வயர் கருகுது" என்று இரண்டு முறை வந்து எங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.)

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"ஏலே, யாரு எவருன்னு தெரியாத துணியப் பச்சப் பிள்ளைக்குப் போடலாமா? செத்தவுக துணியா இருந்தா?"

"கொதிக்கிற தண்ணியில மூணு தடவ போட்டு எடுத்தாச்சும்மா. ஒரு கிருமி இருக்காது."

"நான் கிருமியச் சொல்லல."

"துணியில வேற என்னம்மா இருக்கப்போகுது?"

அம்மா துணி மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "படிச்ச பிள்ள சொல்லுத. சரியாத்தான் இருக்கும்" என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு. நான் ஸ்கேல் வைத்து, நோட்டில் கட்டம் போட்டு, எந்தத் துண்டு எங்கே என்று நம்பர் கொடுத்து வைத்திருந்தேன். அம்மா அந்த நோட்டை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துண்டுகளைத் தரையில் பரப்பினார். நின்று பார்த்தார். நாலைந்தை இடம் மாற்றினார். அவ்வளவுதான், கசங்கின துணிகளெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிட்டன. முரட்டுப் பச்சைக்குப் பக்கத்தில் போனதும் வெளுத்த மஞ்சள் வெயிலாகிவிட்டது. நடுவில் இளநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சட்டையின் முன்பக்கத்தை, பையும் பட்டன் பட்டியுமாக, அப்படியே பெரிய துண்டாக வைத்தார். "பிள்ள வளந்தா பையில முட்டாய் போட்டுக்கிடட்டும்" என்றார். அளவுகோல் தொடாமல் அம்மா அடித்த தையல் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. பதினேழு வருடம் படித்தவன் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

விசேஷ நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவின் மாமியார், மாமனார், அத்தான், கூடவே ஒரு வேன் நிறையச் சொந்தம். மாமனார் முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே டெய்லர். சட்டை மட்டும்தான் தைப்பார். பேச்சையும் துணி மாதிரி அளந்துதான் வெட்டுவார். வந்ததிலிருந்து "வாங்க" என்றதற்கு "வாரேன்" என்று சொன்னதோடு சரி. அவருக்கும் சேர்த்து மாமியார், எனக்கு அத்தை, பேசுவார்.

நான் போர்வையை எல்லார் முன்னாலும் விரித்தேன். வீடே "ஆ" என்றது. அத்தை தடவிப் பார்த்தார்.

"பழைய துணியிலயா தச்சிருக்கீக? இதுல்லா முறை! பச்சப் பிள்ளைக்கு மொதல்ல பழசுதான் போடணும்" என்றவர், அடுத்த மூச்சில் கேட்டார்: "ஆமா, இது யாரு யாரு துணி?"

நான் மறுசுழற்சி பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த உரையை ஆரம்பித்தேன். "அத்தை, உலகத்துல நாம தூக்கிப் போடுற துணியெல்லாம்..."

"உலகம் கிடக்கட்டும் தம்பி. யாரு துணி? போட்டவுக ஆயுசும் கொணமும்ல பிள்ளைக்கு வரும்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. நன்றாக வாழ்ந்த, தெரிந்த மனிதர்களின் பழைய துணி. நான் அதில் 'பழைய' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'தெரிந்த' என்பதை விட்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. கடையில் வாங்கியது என்று சொன்னால், நாளைக்குக் குழந்தை தும்மினாலும் அம்மா தைத்த போர்வைதான் காரணம் என்று ஆகிவிடும். அக்கா வாழப்போவதும் அந்த வீட்டில்தான்.

வாய் தானாகத் திறந்தது.

"இது... எங்க சித்தப்பா வேட்டி அத்தை. ஆலங்குளத்துல இருக்காக. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல."

"நல்லது. இந்தப் பச்சை?"

"மிலிட்டரி மாமா. மூணு தடவ பாம்பு கடிச்சிருக்கு. பாம்புதான் செத்துச்சு."

அத்தை அசந்துபோனார். "இந்தச் சேப்புப் பூச்சேல?"

"சித்தி. ஏழு பிள்ள பெத்தவங்க."

"ஏழா!" அத்தை நெஞ்சில் கை வைத்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் போர்வை தீப்பிடித்திருக்க வேண்டும். (எரிந்திருந்தால் சாம்பல்தான். சுத்தப் பருத்தி.)

"அதுல ரெண்டு ரெட்டை அத்தை" என்று குறைத்தேன். கணக்குப்படி குறையவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அத்தை விரல் நடுவில் இருந்த இளநீலச் சட்டைக்கு வந்தது. நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று மொத்தச் சரக்கையும் இறக்கினேன். "அது எங்க பெரியப்பாவோடது. வத்திராயிருப்புல தென்னந்தோப்பு. எம்பத்தஞ்சு வயசு. இப்பவும் மரம் ஏறுவாக. ஒரு பல்லு விழல."

அப்போதுதான் டெய்லர் மாமா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். மெதுவாக வந்து போர்வை முன்னால் உட்கார்ந்தார். பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார்.

"தம்பி, உங்க பெரியப்பாவுக்கு எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குமோ?"

டெய்லர் அல்லவா, துணியைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒத்துப்போவதுதான் பாதுகாப்பு. "ஆமா மாமா! எறங்கித்தான் இருக்கும்!"

"அதான் பைய அரை இஞ்சு ஏத்தித் தச்சிருக்கு. அதிகம் பேச மாட்டாரோ?"

"வாயே திறக்க மாட்டாக மாமா."

"பொண்டாட்டி சொல்லத் தட்ட மாட்டாரு."

"தட்டவே மாட்டாக!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் ஏறிட்டுப் பார்த்தேன். என் எதிரே, இடது தோள் கொஞ்சம் இறங்கிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெரியப்பா நாந்தான் தம்பி" என்றார் மாமா. "எம்பத்தஞ்சு ஆகல, அறுபத்தொண்ணுதான் நடக்குது. மரம் ஏற மாட்டேன். கடவாப்பல்லு ரெண்டு இல்ல."

தரை பிளக்கவில்லை. நான் எவ்வளவோ எதிர்பார்த்தேன்.

மாமா என்னை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினார். "இந்தச் சட்டைய எலி கடிச்சிருச்சுன்னியேட்டி?"

அத்தை பேச்சற்று நின்றதை அந்தக் குடும்பம் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது.

"பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது..." என்று இழுத்தார்.

"யம்மா," என்றார் அத்தான், "அந்த ரோஸ் கலர் வாளி எப்ப வந்துச்சு?"

"பொங்கலுக்குத்தாம்ல. இப்ப என்னங்க?" அத்தைக்குக் குரல் திரும்பிவிட்டது. "அந்த வாளியத்தான பிள்ளையக் குளிப்பாட்டன்னு இங்க குடுத்துவிட்டேன்!"

உண்மை. அந்த ரோஸ் வாளி எங்கள் கிணற்றடியில் இருந்தது. குழந்தையைத் தினமும் குளிப்பாட்டுவது அதில்தான். மாமாவின் சட்டை ஒரு வழியாகவும், அந்தச் சட்டைக்குக் கிடைத்த வாளி இன்னொரு வழியாகவும் கிளம்பி, இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்திருந்தன. சிரிக்க முடியவில்லை.

மாமா சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். இன்னும் ஆழமாக எதையோ தேடினார். "உள்ள இன்னொண்ணு இருக்கணுமே..."

"இருக்குண்ணே," என்றார் அம்மா வாசலிலிருந்து. அன்றைக்கு அம்மா பேசிய முதல் வார்த்தை. "பைக்குள்ள ஒரு குட்டிப் பை. எதுக்குன்னு தெரியல. ஆனா அம்புட்டுப் பொடித் தையலு. பிரிக்க மனசு வரல. அப்படியே வச்சுத்தான் அடிச்சேன்."

மாமா அதை வெளியே இழுத்துக் காட்டினார். உள்ளே லேசாக நீலம் படிந்திருந்தது. "இவன் பெறந்தன்னிக்கு நான் போட்டிருந்த சட்டை" என்று அத்தானைக் கைகாட்டினார். "ஆஸ்பத்திரியில இவன மொத மொதல்ல வாங்குனது இதுலதான். பொறவு தவழ ஆரம்பிச்சதும் கடையில துணிக்கு மார்க் பண்ணுத நீலச் சாக்பீஸ எடுத்துத் தின்னுருவான். அத ஒளிக்கத்தான் இந்தப் பை."

அந்தச் சட்டையிலும் ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தவன் நான். அதில் வேறு என்ன இருக்கப்போகிறது என்று அம்மாவைக் கேட்டவனும் நான்தான்.

அத்தை விடவில்லை. "அது சரி. மத்த துணி? தம்பி சொன்ன ஆளுகள்லாம் நெசமா பொய்யா?"

மாமா போர்வை முழுக்க ஒரு முறை கையை ஓட்டினார். எந்தத் தையல் எந்த டெய்லரின் கை என்று அவருக்குத் தெரிகிறது என்பது, விரல்கள் நின்று நின்று நகர்ந்ததில் எனக்கே தெரிந்தது. ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு போட்ட ஒரு வெள்ளைத் துண்டில் கை நின்றது. வெகுநேரம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அது யாருடையது, அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"இது யாருது?" என்றார் அத்தை.

"இதுவா? அந்த ஏழு பிள்ள பெத்தவுக வீட்டுக்காரரு" என்றார் மாமா. "நாந்தான் தச்சுக் குடுத்தேன். நல்லா இருக்காரு. பிள்ளையப் படுக்க வை."

அளந்து பேசும் மனிதர், எனக்காகவும் எங்கள் அம்மாவுக்காகவும் அவ்வளவு பெரிய துணியை அளக்காமல் கிழித்துக் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கோணாம அடிச்சிருக்கீகம்மா" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்கு இலை எடுக்கப் போனார்.

அதன்பின் நான் யாருக்கும் கருத்துச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் சொந்தங்களைக் குறைக்க முடியவில்லை. அந்தப் போர்வைதான் வேண்டும் என்று அக்கா மகள், என் மருமகள், அடம்பிடிப்பாள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, "இவரு யாரு?" என்பாள். சித்தப்பாவும் மிலிட்டரி மாமாவும் வருடா வருடம் புதுப்புதுச் சாகசம் செய்கிறார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது கதை அளந்தால், "பாம்பு செத்துச்சாக்கும்?" என்பார்கள். ஏதாவது பொருள் காணாமல் போனால், "ரோஸ் எலி" என்பார்கள். அத்தை மட்டும் சிரிக்க மாட்டார்.

போன மாதம் மருமகளுக்குக் காதுகுத்து. பந்தியில் ஓர் இலையை யாரையும் உட்காரவிடாமல் அவளே காவல் காத்தாள். வத்திராயிருப்புப் பெரியப்பாவுக்காம். முதல் பந்தி முடிந்தது, இரண்டாம் பந்தியும் முடியப்போகிறது, பெரியப்பா வரவில்லை. குழந்தைக்கு உதடு பிதுங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவசரமாகச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்த மாமா எழுந்தார். கையைக் கழுவினார். இடது தோளை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வந்து அந்த இலையில் உட்கார்ந்தார். "பஸ்ஸு லேட்டு தாயி" என்றார். அவள் முகம் மலர்ந்து, பாயசம் கொண்டுவர ஓடினாள்.

அத்தைதான் பார்த்துவிட்டார். "என்னங்க, சுகரை வச்சுக்கிட்டு ரெண்டாவது தடவயா?"

மாமா இலையில் தண்ணீர் தெளித்தபடி நிதானமாகச் சொன்னார்:

"இல்லட்டி. முன்ன சாப்பிட்டது நான்."