எழுபத்து மூன்றாவது பேப்பர்

பெருமாள்மலை,
வியாழக்கிழமை.

பேரன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் சின்னச்சாமி அவர்களுக்கு, உங்கள் தங்கையின் புருஷன் பூண்டு வியாபாரி கந்தவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குழந்தை நதியாவும் சுகம். ரோகிணி சுகமா என்பதை நீங்கள்தான் அவளிடம் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். அவள் என்னிடம் பேசி நாலு நாளாகிறது. போனில் சொல்லலாம்தான். நீங்கள் பாதியிலேயே சிரிப்பீர்கள், அது அவள் காதில் விழும். அதனால் கடிதம்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ரோகிணி காலேஜில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வருஷா வருஷம் நீட்டித்துத் தருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் நீட்டிப்பார்களா இல்லையா என்பது நாளை வெள்ளிக்கிழமை தெரியும். ‘எனக்கு மறக்க முடியாத நாள்’ என்று எழுபத்திரண்டு பிள்ளைகள் எழுதிய கட்டுரைக்குத் திங்கள் காலை பத்து மணிக்குள் மார்க் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதே காலேஜ்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சியின் பெயர், ‘வேலையையும் குடும்பத்தையும் சமமாகக் கவனிப்பது எப்படி’. எனக்கு விட்டுப்போன சோலி ஒன்றே ஒன்று: ரெண்டாம் வகுப்பு நதியாவை ‘எங்கள் அம்மா’ என்று பத்து வரி எழுதவைப்பது. ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்து பேப்பர் திருத்துவதாக ரோகிணி ஏற்பாடு. மத்தியானம் மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது. அடிவாரத்திலிருந்து போன் செய்தாள். “ஏங்க, பஸ்ஸு நகரல. நீங்க பாட்டுக்குப் பேப்பர் கட்டத் தொட்டுறாதீங்க.” தெளிவாகக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். பத்து மணி தவறினால் வேலை போகும். சரக்கைத் தரம் பிரிப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது. வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பேப்பர் கட்டையும் நதியாவையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு நம் கொட்டகைக்குப் போனேன். பூம்பாறைப் பூண்டு வந்து இறங்கியிருந்தது. பாப்பம்மாளும் ஒன்பது பொம்பளைகளும் வட்டமாக உட்கார்ந்து முதல் ரகம், ரெண்டாம் ரகம், பொடி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று கட்டுரையைச் சத்தமாக வாசிப்பது, வாசிக்கும்போது அவர்கள் கை நின்றால் முதல் ரகம், கை மெதுவானால் ரெண்டாம் ரகம், கை அது பாட்டுக்கு ஓடினால் பொடி என்று முடிவு செய்தோம். “இயற்கை அன்னை பச்சைப் போர்வை போர்த்திய எழில்மிகு காலையில்” என்று ஒரு பிள்ளை ஆரம்பித்ததும் பாப்பம்மாள், “போதும் தம்பி, பூராம் தோலாக் கெடக்கு, பல்லு ஒண்ணையும் காணோம், பொடியில போடுங்க” என்றாள். அது போன வருஷம் மெடல் வாங்கிய பிள்ளையாம், எனக்கு எப்படித் தெரியும்? கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை எழுதியதை வாசித்துப் பாதியில் லாரிக்காரனுக்குப் பதில் சொல்ல நிறுத்தினேன்; அவ்வளவுதான், “ஏலே லாரி, செத்த இருடா! அந்தப் புள்ள வீடு போய்ச் சேந்துச்சா இல்லையா, வெரசாச் சொல்லுங்க தம்பி” என்று பத்துப் பேரும் என்மேல் பாய்ந்தார்கள். அதற்கிடையில் நதியா வந்து, “அப்பா, எழுதி முடிச்சுட்டேன், எங்க வைக்கட்டும்?” என்றாள். “எங்கயாச்சும் வை தாயி, அம்மா வந்து பாப்பா” என்றேன். என் குற்றம் அங்கேதான் தொடங்கியது. காற்றில் பறந்ததோ என்னவோ, அது கட்டோடு கலந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் லோடு ஏற்றப் போய்விட்டேன். கொட்டகையில் கணக்கெழுதும், பிளஸ் டூ முடித்த தேவசேனா மிச்சத்தை வாசித்தாள். அந்தப் பேப்பருக்குப் பத்துப் பேர் கையும் நின்றதாம்; யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்திக்கும் தோணவில்லையாம். பென்சிலில் எழுதியிருந்ததால், பேனா வாங்க வழியில்லாத பிள்ளை போல என்று பாப்பம்மாள் இரக்கப்பட்டுப் பத்துக்குப் பத்து போடச் சொல்லிவிட்டாள். எண்ணிப் பார்த்தேன், எழுபத்து மூன்று வந்தது. குறைந்தால்தானே சண்டை? எடைக்கு மேல் ஒரு கை கொசுறு போட்டு அனுப்பினால் இதுவரை எந்தக் கடைக்காரனும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படியே கட்டித் திங்கள் காலை ஒன்பதரைக்குக் காலேஜில் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி பூரா அடிவாரத்தில் கிடந்த ரோகிணி பத்து மணிக்குக் காலேஜுக்கு ஓடி வந்தபோது பிரின்சிபால் அம்மா கட்டின் மேலே இருந்த பத்துக்குப் பத்துப் பேப்பரைக் கையில் வைத்திருந்தாராம். அதில் இருந்தது இதுதான்: “எங்கள் அம்மா காலேஜில் எழுதச் சொல்லிக்கொடுப்பார். எழுபத்திரண்டு அக்காக்கள் எழுதியதைப் படிப்பார். அம்மாவிடம் சிவப்புப் பேனா உண்டு. நான் எழுதியதை நாளைக்குப் படிப்பார்.” பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “யாருங்க இந்தப் பொண்ணோட அம்மா? ஒடனே கூப்பிடுங்க, நான் பேசணும்” என்றிருக்கிறார். “நான்தாங்க மேடம்” என்றாளாம் உங்கள் தங்கை.

பிறகு நடந்ததைச் சொல்லி மூன்று நாள் தவணை வாங்கி எல்லாவற்றையும் அவளே திருத்தினாள். பாப்பம்மாள் பிரித்ததற்கும் இவள் பிரித்ததற்கும் நாலே பேப்பர்தான் வித்தியாசம். அதில்தான் கோபம் இன்னும் ஏறிவிட்டது. வேலை போனால் என்னால்தான் போகும். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே புறப்பட்டு வந்து எனக்காக நாலு வார்த்தை பேச வேண்டும். நான் இனிமேல் பேப்பரைக் கையால் தொடமாட்டேன் என்று நம் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சாமி மேல் சத்தியம் செய்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பால்கார மலைச்சாமியிடம் ரெண்டு கிலோ பூண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன், முதல் ரகம்.

உங்கள் அன்புள்ள,
கந்தவேல்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வேலையை நீட்டித்துவிட்டார்கள், நீங்கள் வர வேண்டாம். மேலே நான் ஒப்புக்கொண்ட குற்றத்தையும் வாபஸ் வாங்குகிறேன். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்று காலை சாப்பிடும்போது நதியா தானாகவே சொன்னாள்: “நான்தாம்ப்பா அந்தக் கட்டுக்குள்ள வச்சேன். அதுல இருந்தாத்தான் அம்மா படிக்கும்.” ரோகிணி எழுந்துபோய்ச் சிவப்புப் பேனாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து நதியா பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது வரை இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் நாளைக்குப் பேசுவாளாம்.