ஏழால் பெருக்கிய ஏலக்காய்

அழகான எண் ஒன்றையும் எரிகிற அடுப்பையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கக் கூடாது. (ஒப்படைத்தவர் என் மாமனார். இன்றுவரை வருந்துகிறார்.)

போடியில் கணக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் கவிதாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். ஒருநாள் ஜீப்பில் ஏறிப் போனேன். வளைவுக்கு வளைவு கீழே அதே போடி, வேறு வேறு பக்கமாகத் திரும்பித் திரும்பித் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு 142857 என்ற எண்ணின் நினைப்பு வந்துவிட்டது. அது வந்தால் லேசில் போகாது.

மலையில் காய் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அடுப்புச் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். அளவாக இருந்தால் காய் பச்சை மாறாமல் உலரும், மிஞ்சினால் வெளுத்துவிடும், விலை போகாது. அந்த வருஷத்து முதல் எடுப்பில் பறித்த காய் உள்ளே கிடந்தது. எங்கள் கல்யாணமே அதை நம்பித்தான்.

"மேக்காட்டுல ஒரு சோலி மாப்ளே. தீ தணிஞ்சா மட்டும் ஒரு கட்டை போடுங்க. வெரசா வந்துர்றேன்" என்று மாமா போனார்.

மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஏலக்காய் வாசனையில் பாதிக் கண் சொருகியது. கரித்துண்டால் சுவரில் 142857 என்று எழுதி இரண்டால் பெருக்கினேன். 285714. அதே இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் வேறு. சந்தோஷத்தில் ஒரு கட்டை போட்டேன். மூன்றால் பெருக்கினால் 428571. இன்னொரு கட்டை. ஆறு வரைக்கும் அந்த எண் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் கட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். ஏழால் பெருக்கினேன். 999999. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (புகையாகவும் இருக்கலாம்.)

மாமா வந்து கதவைத் திறந்தார். காய் முழுக்க ஒரே வைக்கோல் நிறம்.

"என்ன மாப்ளே செஞ்சீங்க?"

"ஏழால பெருக்குனேன் மாமா."

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "ஆத்தா கவிதா, இதைப் பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னும் பத்திரிகை அடிக்கல."

கவிதா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரித்துண்டை வாங்கி எட்டால் பெருக்கினாள். 1142856.

"முன்னால இருக்க ஒண்ணை எடுத்துக் கடைசி ஆறோட கூட்டுங்க" என்றாள்.

கூட்டினேன். 142857.

"திரும்ப வந்துருச்சுல்ல? காயும் அடுத்த எடுப்புல வந்துரும்ப்பா" என்றாள் அப்பாவிடம். அந்த நிமிஷம் அவளைப் பிடித்ததுபோல் எனக்கு எந்த எண்ணையும் பிடித்ததில்லை.

கல்யாணம் அடுத்த எடுப்புவரை தள்ளிப்போனது. வெளுத்த காயில் ஒரு பங்கு கல்யாணப் பாயசத்துக்குப் போனது. இப்போதும் எங்கள் வீட்டில் தோசை கருகினால் "ஏழால பெருக்கிருச்சு" என்பார்கள். மாமா வந்தால் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"அடுப்படியில யாரு நிக்கிறது?"

கவிதா என்று தெரிந்த பிறகுதான் காபி கேட்பார்.