குழம்பு இன்னும் அடுப்புல, அண்ணே

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டியதும் காஜா மொய்தீனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரை பதினாலு, இருக்க வேண்டியதைப் போல ரெண்டு மடங்கு. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் தினமும் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலேஹாவுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை. இதே சர்க்கரையில் அவள் அண்ணனுக்கு முதலில் ஒரு விரல் போனது. பிறகு கால் போனது. அடுத்த பெருநாளுக்கு அவரே இல்லை.

வீடு வந்து சேர்வதற்குள் காஜா ஒரு மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டார். வயசு ஐம்பத்தெட்டு, எடை தொண்ணூற்றாறு கிலோ. இந்த உடம்பு இதுவரை எடுத்த முடிவுகளிலேயே பெரியது இதுதான்.

"சலேஹா, ஞாயித்துக்கிழமை காலையில பினாங்குப் பழைய டவுனச் சுத்துற சைக்கிள் குரூப் ஒண்ணு இருக்குல்ல? அதுல சேரப் போறேன்லா."

"நீங்களா?"

"ஏன், எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். சைக்கிள் தாங்குமான்னுதான் பாக்குறேன்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று, "போங்க. எனக்கு நீங்க வேணும்," என்றாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. காஜாவுக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் தொண்டை வேறு, நாக்கு வேறு.

மனுஷனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. வீட்டில் காலையில் ஓட்ஸ், மதியம் பாகற்காய், மாலையில் நேற்றைய பாகற்காய். அந்தச் சைக்கிள் குரூப்போ கப்பித்தான் கெலிங் மசூதியில் தொடங்கி, அர்மேனியன் தெருவுக்குள் புகுந்து, கடலோரத்தில் சீனர்களின் மரவீடுகள் நிற்கும் படகுத்துறை ஜெட்டியில் முடியும். வழிகாட்டி ஆயிஷா, ரிட்டையரான சரித்திர டீச்சர். ஒரு ஜன்னலைக் காட்டிப் பேச ஆரம்பித்தார் என்றால் இருபது நிமிஷத்துக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார். மசூதிக்கு ரெண்டு சந்து தள்ளி, சூலியா தெருவில் யூசுப்பின் நாசி கண்டார் சோற்றுக்கடை. இத்தனையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த ஆண்டவன் கருணையை எண்ணிக் காஜா உருகிப் போனார்.

முதல் ஞாயிறு. டீச்சர் மினாராவை அண்ணாந்து பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். காஜா கழுவுற மீனில் நழுவுற மீனாக நழுவினார். யூசுப் கடையில் சோறு, பொரித்த கோழி, ஆட்டுக்கறி, மீன்முட்டை. அதன் மேல் கடையில் இருக்கிற குழம்பையெல்லாம் வெள்ளமாக ஊற்றச் சொன்னார். இனிப்பான தே தாரேக் டீ ரெண்டு கிளாஸ். பத்தரை மணிக்கு ஜெட்டியில் எடுத்த குரூப் படத்தில் முன்வரிசையில் நின்றார். படம் வாட்ஸ்அப்பில் சலேஹாவுக்குப் பறந்தது. அவர் வீடு வந்ததும் சலேஹா கேட்டாள்.

"ரொம்பக் களைச்சுட்டீங்களா?"

"அதை ஏன் கேக்குற! காலு ரெண்டும் விண்ணு விண்ணுங்குது."

சலேஹா அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புண் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தாள். காஜா ஆட்டுக்கறி ஏப்பத்தை வாய்க்குள்ளேயே விழுங்கினார்.

இரண்டாவது ஞாயிறு. யூசுப் கடையில் கண்ணாடிப் பெட்டி காலி.

"குழம்பு இன்னும் அடுப்புல, அண்ணே. ஒரு மணி நேரமாவது ஆகும்லா."

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள எனக்கு மவுத்தே வந்துரும்டா!"

"அப்ப டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் போங்க. நம்ம மச்சினன் கடை. அங்க எல்லாம் ரெடி."

காஜா மிதித்தார். மூச்சு வாங்க வாங்க மிதித்தார். மச்சினன் முகத்தில் துக்க வீட்டுக் களை.

"கோழி இப்பத்தான் முடிஞ்சுச்சு, அண்ணே. ரெண்டு தோசை போடட்டா?"

பசி ருசி அறியாது. தோசை ரெண்டு, தண்ணியான பருப்பு, சீனி போடாத தேத்தண்ணி.

"சீனி எங்கடா, தம்பி?"

"ஸ்டாக் இல்ல, அண்ணே. நாடு பூரா இல்ல."

மூன்றாவது ஞாயிறு மச்சினன் கடையில் கேஸ் தீர்ந்துபோனது. ஜெலுத்தோங்குக்குப் போகச் சொன்னான். நாலாவது ஞாயிறு ஜெலுத்தோங்கில் சமையல்காரருக்குப் பல்வலி. அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாம். வாரத்துக்கு வாரம் தூரம் கூடிக்கொண்டே போனது. எங்கே போனாலும் கடைசியில் கிடைத்தது அதே ரெண்டு தோசை, அதே பருப்பு. காஜா விடாக்கண்டன். பினாங்கு நாசி கண்டார்க்காரர்கள் அத்தனை பேரும் கொடாக்கண்டர்கள்.

ஆனாலும் பத்தரை மணிக்குத் தவறாமல் ஜெட்டிக்கு வந்துவிடுவார். படத்தில் மற்றவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரிப்பார்கள். காஜா மட்டும் கடலில் இருந்து இழுத்துப் போட்டவர் மாதிரி நிற்பார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. இந்தக் காலத்து எலாஸ்டிக்கே சரியில்லை என்று திட்டினார்.

வீட்டுக்கு வந்தால் சலேஹா அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வாள். பத்து விரலும் பத்திரமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் சோறு போடுவாள். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று காஜா வாயைத் திறப்பார். பாவி, எதைச் சொல்ல? தின்றிருந்தாலாவது சொல்லலாம்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் புதுக் காகிதத்தைப் பார்த்தார். சர்க்கரை ஏழு. எடை எண்பத்தைந்து. எழுந்து நின்று காஜாவின் கையைக் குலுக்கினார்.

"ஊசி வேணாம். என்ன செஞ்சீங்க?"

"சைக்கிள் குரூப், டாக்டர்," என்றார் காஜா கம்பீரமாக.

வெளியே வந்ததும் சலேஹா சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. காஜாவால் தாங்க முடியவில்லை.

"சலேஹா, அழாத. நான் ஒரு உண்மையச் சொல்லிடுறேன். நான் குரூப்போட போகவே இல்ல. கடை தேடி அலைஞ்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"முத வாரம் நீங்க தட்டை வழிச்சுத் தின்னத யூசுப் அவரு பொஞ்சாதி ஹாஜராகிட்ட சொல்லிட்டாரு. நீங்க கை கழுவுறதுக்குள்ள அவ எனக்கு ஃபோன் பண்ணிட்டா. அப்புறம் கடை கடையா நான்தான் பேசினேன். வாரத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட்டி அனுப்புங்கன்னேன்."

"அடிப்பாவி!"

"குரூப்போட போயிருந்தா எட்டே கிலோமீட்டர். அதுவும் முடிச்சிட்டு எல்லாரும் உக்காந்து தேங்காப்பால்ல பொங்குன நாசி லெமாக் சாப்பிடுறாங்களாம். போன வாரம் நீங்க ஓட்டுனது இருபத்துநாலு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சலேஹா கண்ணைத் துடைத்தாள்.

"எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். கையப் புடிச்சுச் சொன்னேன், கால்ல விழுந்து சொன்னேன். கேக்கல. அதான் உங்ககிட்ட சொல்லல."

காஜா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கார் நிறுத்துமிடம் வரை அப்படியே நடந்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்ததும் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் சலேஹா, இந்தப் பினாங்குல உனக்கு ஆளில்லாத கடை ஒண்ணாவது பாக்கி இருக்கா?"

அவள் யோசித்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கம், பாலேக் பூலாவ்ல ஒண்ணு இருக்கு. மீன்தலைக் குழம்பு பேர் போனது. அங்க மட்டும் எனக்கு யாரையும் தெரியாது."

"சத்தியமா?"

"அல்லாஹ் அறிய, ஒருத்தரையும் தெரியாது."

அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாமல் காஜா கிளம்பிவிட்டார். டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. பாதி மலையை மிதித்து ஏறினார். மீதி மலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் மீன்தலைக் குழம்பை நினைத்தே நடந்தார். ஒன்பதரை மணிக்குக் கடை முன்னால் போய் நின்றார். இரும்புக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. அதில் ஒரு பலகை தொங்கியது: ஞாயிறு விடுமுறை.

சலேஹா பொய் சொல்லவில்லை. அந்தக் கடையில் அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது, லீவு நாள் மட்டும்தான் தெரியும்.