சிம்லாவில் நடுங்காதவன் ஐந்தருவியில் நடுங்கியது

ஒரு பனிக்காலம் முழுவதும் சிம்லாவில் இருந்தவன் நான். இருந்தேன் என்பதைவிட, ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் ஒளிந்திருந்தேன் என்பதுதான் நேர்மை.

ஐம்பதுகளின் கடைசியில் அங்கே எனக்குக் குமாஸ்தா வேலை. சட்டைக்குள் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போவேன். (நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். பெரிய அதிகாரி இரண்டு முறை எலி தேடினார்.) தேங்காய் எண்ணெயைக் கத்தியால் சுரண்டித்தான் தலையில் வைக்க வேண்டும். குளியல்? அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த ஆனியில் லீவு எடுத்து, சொந்த ஊரான கீழப்பாவூரிலிருந்து அக்காவுடன் தென்காசிக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி, பாத்திரக்கடைக்காரர்.

"அங்கன ஐஸு கொட்டுமாமே தம்பி, எப்படிச் சமாளிக்குதிய?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வாய் சும்மா இருக்குமா?

"விடியக்காலம் வாளியில ஐஸை உடைச்சு, பச்சத் தண்ணிலதான் குளிப்பேன் மாமா. உடம்பு பழகிட்டு."

அண்ணாச்சி அசந்துபோனார். "அப்பம் நாளைக்கு எல்லாருமா ஐந்தருவிக்குப் போவோம். சாரல் நல்லா விழுது. உங்களுக்கு அது வெந்நி மாதிரில்லா இருக்கும்!"

மறுநாள் காலை, இடுப்பில் துண்டோடு அருவிக்குள் நுழைந்தேன். தலையில் விழுந்தது தண்ணீரா, ஐந்து மாடுகளா தெரியவில்லை. "யம்மா!" என்ற என் அலறல் பெண்கள் குளிக்கும் பக்கம்வரை கேட்டதாம். எண்ணெய் வழிந்த பாறையில் பாதித் தூரம் வழுக்கி, மீதியைத் தவழ்ந்து கடந்து கரையேறினேன். பெருமைக்காகக் கொண்டுபோயிருந்த ஓவர்கோட்டையும் குரங்குக் குல்லாவையும் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பற்கள் தாளம் போட்டன.

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாச்சியைக் கடிந்துகொண்டார். "காய்ச்சக்காரர அருவிக்குக் கூட்டிட்டு வரலாமா வே?"

அண்ணாச்சி பதறிப்போய்ச் சுக்குக்காப்பி வாங்க ஓடினார். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் கோமதி, நான் பார்க்க வந்த பெண்தான், ஈரத்தலையைத் துவட்டியபடி என் எதிரில் வந்து நின்றாள்.

"நெசத்தச் சொல்லுங்க. அங்கன எத்தன நாளைக்கு ஒருக்கா குளிச்சிய?"

"ப... பதினஞ்சு நாளைக்கு."

"வெந்நிலயா?"

"வெ... வெந்நிலதான். அதுவும் பாதி உடம்பு."

அவள் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தமே அமுங்கிப்போனது. காப்பியோடு வந்த அப்பாவிடம், "இவரையே முடிச்சிருங்கப்பா. பொய் சொன்னா பத்து நிமிசம்கூடத் தாங்க மாட்டாரு" என்றாள்.

முடித்துவிட்டார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது அளந்துவிட்டால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கோமதி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஐந்தருவிவரைக்கும் போயிட்டு வருவமா?" என்று மட்டும் கேட்பாள்.